‘நீட்ஃபுல்’ மேல் கீறிய கோடு

நான் படிப்பிக்க வந்த முதல் வருடத்தில் என் சிவப்புப் பேனையால் ஒரு பிள்ளையின் இடம் போகப் பார்த்தது. புதிதாகச் சேவைக்கு வருபவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

கண்டியில் ஒரு பாடசாலை. தரம் ஒன்பது, ஆங்கிலம். தவணைப் பரீட்சையில் அறுபது புள்ளி எடுத்தவர்களுக்கு மட்டும்தான் அடுத்த வருடம் ஆங்கில மொழிமூல வகுப்பு. என் மகள் பகலில் தூங்கும் நேரத்தில் விடைத்தாள் திருத்துவேன். உடைந்த தண்ணீர்க் குழாயைத் திருத்தித் தரும்படி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது கேள்வி. மஹய்யாவயிலிருந்து வரும் சுபாஷினி தன் கடிதத்தை ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’, தேவையானதைச் செய்து தரவும், என்று முடித்திருந்தாள். அது அலுவலகங்களில் எழுதும் பழைய கந்தோர் ஆங்கிலம், இங்கிலாந்திலேயே இப்போது எழுதுவதில்லை என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கோடு கீறி இரண்டு புள்ளி குறைத்தேன். மொத்தம் ஐம்பத்தெட்டு.

பட்டியல் ஒட்டிய மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். ஆட்டோ ஓட்டுபவர். சண்டை போட வரவில்லை, பிள்ளை நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, அதனால்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு ஃபைலிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்து வைத்தார். ஒன்று, அவர்கள் குடியிருக்கும் ஒழுங்கைக்குத் தண்ணீர் கேட்டு சுபாஷினி மாநகர சபைக்கு எழுதியது. மற்றது அதற்கு வந்த பதில். இரண்டிலும் அந்த ‘நீட்ஃபுல்’ இருந்தது.

“இது பிழைன்னா அவங்களுக்கு எப்புடி மிஸ் வெளங்குச்சு? தண்ணி வந்துருச்சே.”

பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். போன மாதம் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் கொடுத்த லீவுக் கடிதமும் அதே சொல்லில்தான் முடிந்தது. அவருக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் ஆங்கிலப் பகுதித் தலைவி யாழ்ப்பாணத்தவர், கண்டிப்பானவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“எல்லாரும் சொன்னாப் போல பிழை சரியாகிடுமோ? நாளைக்கு இன்னொண்டைக் கொண்டு வருவினம். நீர் ஒவ்வொண்டா விட்டுக் குடுத்துக்கொண்டிருப்பீர்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு பிள்ளைக்கு மட்டும் மாற்றினால் அப்பா வந்து கேட்டதற்காகக் கொடுத்தது போலாகும். அதனால் எல்லாத் தாள்களையும் மறுபடி பார்க்க அனுமதி கேட்டேன். இன்னும் நான்கு பேர் அப்படி எழுதியிருந்தார்கள். ஐந்து பேருக்கும் புள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். திருத்திய பட்டியலில் தலைவி கையெழுத்து வைக்குமுன் என்னைப் பார்த்தார்.

“உமக்கு இது சரியெண்டு படுதோ?”

தெரியாது மிஸ், ஆனால் பிழை என்று அந்த அப்பாவுக்கு என்னால் விளங்கப்படுத்த முடியவில்லை என்றேன். அவர் கையெழுத்து வைத்தார். சுபாஷினிக்கு இடம் கிடைத்தது.

அடுத்த தவணைப் பரீட்சையிலும் கடிதம் எழுதும் கேள்வி வந்தது. இந்த முறை அவள் வேறு மாதிரி, நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடியே முடித்திருந்தாள். ஏன் மாற்றினாய் என்று கேட்டேன்.

“அது ஒஃபிசுக்கு மிஸ். இது ஒங்களுக்கு.”

பலர் சொல்வதால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்றும் நான் நம்பவில்லை. ஆனால் பேனையை எடுக்குமுன், இதை எங்கே பார்த்தாய் என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன். திருத்தி முடிக்க இப்போது இரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கிறது.