நான்காவது கோடிட்ட இடம்

வில்மட் கலிஸ்ட்டைப் பார்த்து யாரும் சிரித்துவிட முடியாது. அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே தன்னைப் பற்றிச் சொல்லிச் சிரித்து முடித்திருப்பார். "என் வழுக்கையில வெயில் பட்டுச்சுன்னா, மீன் பிடிக்கப் போன படகெல்லாம் கலங்கரை விளக்குன்னு நினைச்சுத் திரும்பிடும்" என்பார். அடுத்தவன் அடிக்குமுன் தானே அடித்துக்கொண்டால் வலிக்காது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஐம்பத்திரண்டு வயதில் அவர் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

கரீபியன் தீவான கிரெனடாவின் மேற்குக் கரையில் மோர்ன் ரூஷ் உயர்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடமாகப் புவியியல் ஆசிரியர். தீவை விட்டு வெளியே போனது ஒரே ஒரு தடவை, பார்படோஸுக்கு, ஒரு கல்யாணத்துக்கு. விமானம் ஏறி இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. ஆனாலும் ஆண்டீஸ் மலைத்தொடரைப் பற்றி நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் பேசுவார்.

பாடம் போக அவருக்கு இரண்டு பொறுப்புகள். ஒன்று, மஞ்சள் இல்லத்தின் பொறுப்பாசிரியர். பள்ளியில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நான்கு இல்லங்கள். கலிஸ்ட் கையில் வந்ததிலிருந்து பதினோரு வருடமும் விளையாட்டு விழாவில் மஞ்சளுக்கு நான்காவது இடம். "அஞ்சாவதா ஒரு இல்லம் ஆரம்பிங்க, அதுக்கும் பின்னால வந்து காட்டுறோம்" என்று ஆசிரியர் அறையில் அவரேதான் சொல்வார்.

இன்னொன்று, தவணை முடிவுச் செய்தித்தாள். விவாதப் போட்டியில் யார் ஜெயித்தது, இசைக்குழு எங்கே போய் வாசித்தது, தோட்டத்தில் எத்தனை பூசணிக்காய் காய்த்தது, எல்லாம் அதில் வரும். ஈஸ்டர் தவணையில் மட்டும் ஒரு சிக்கல். விளையாட்டு விழா வியாழக்கிழமை. பள்ளி மூடுவது வெள்ளிக்கிழமை. நகல் எடுக்கும் மெஷினோ செயலாளர் மிஸ் கடோர் கையில். "செவ்வாய்க்கிழமைக்கு மேல அதைத் தொட்டீங்கன்னா அதுவும் அழும், நானும் அழுவேன்" என்று கறாராகச் சொல்லிவிடுவாள். அதனால் முடிவுகள் வரவேண்டிய இடத்தில் நான்கு கோடுகளைப் போட்டு வெறுமனே விட்டுவிடுவது வழக்கம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தலைமையாசிரியை படிக்கப் படிக்க, பிள்ளைகள் பேனாவால் நிரப்பி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

இந்த வருடம் செவ்வாய்க்கிழமை கலிஸ்ட் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, நீல இல்லத்தின் பர்செல் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். பார்க்க ஆள் இருந்தால் கலிஸ்ட்டுக்குக் கை சும்மா இருக்காது. "பதினோரு வருஷமா ஒரே பேரை எழுதிப் பிள்ளைங்களுக்குப் பேனா மைதான் தண்டம்" என்று சொல்லி, நான்காவது கோட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இப்படி அடித்தார்: 'நான்காம் இடம்: மஞ்சள் இல்லம். வழக்கம்போல். முயற்சி பாராட்டத்தக்கது.' பர்செல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்புக் கிடைத்த சந்தோஷத்தில் கலிஸ்ட் அப்படியே நகலுக்குக் கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை தாள்களை மடித்து ஸ்டேப்ளர் அடிக்கும் வேலை. ஒவ்வொரு தவணையும் ஒரு இல்லத்துக்கு அந்த முறை வரும். இந்தத் தடவை மஞ்சளின் முறை. இல்லத் தலைவி ஜோடெல் டெலஸ்ஃபோர்ட்டிடம் கட்டுகளைத் தூக்கிக் கொடுத்தவரும் இவர்தான்.

வியாழக்கிழமை காலை மைதானத்தில் தம் பிள்ளைகளைக் கூட்டி உரை நிகழ்த்தினார். "தோத்தாலும் சிரிச்ச முகமா தோக்கணும், என்னை மாதிரி" என்றார். மற்ற வருடமென்றால் இந்த இடத்தில் ஒரு சிரிப்பலை எழும். இன்று ஒருவரும் சிரிக்கவில்லை. ஜோடெல் குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. பிள்ளைகள் உரையில் உருகிப்போய்விட்டார்கள் என்று கலிஸ்ட் நினைத்துக்கொண்டார்.

அன்று மஞ்சள் ஓடிய ஓட்டத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. கயிறு இழுப்பில் கை தோல் உரிந்தும் விடவில்லை. கடைசித் தொடர் ஓட்டத்தில் நீல இல்லத்துப் பெண் கட்டையை நழுவவிட்டாள், ஜோடெல் அவளைத் தாண்டிப் போனாள். கூட்டிப் பார்த்தால் மூன்று புள்ளி வித்தியாசத்தில் நீலம் கடைசி, மஞ்சளுக்கு மூன்றாவது இடம். கலிஸ்ட் மைதானத்தின் நடுவில் ஆடினார். மூன்றாவது இடத்துக்கு யாராவது ஆடுவார்களா என்று கேட்டவர்களிடம், பதினோரு வருடம் காத்திருந்து பாருங்கள் என்றார்.

சாயங்காலம் மரத்தடியில் பெரிய பானையில் ஊர்ச் சாப்பாடான ஆயில் டவுன் கொதித்தது. தேங்காய்ப்பாலில் சீமைப்பலாவும் உப்பு இறைச்சியும் வெந்து வற்றும் வாசனை. இரண்டாம் தட்டை வாங்கிக்கொண்டே கலிஸ்ட் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்: "காலையில நான் பேசினேன் பாருங்க, அதுதான் வேலை செஞ்சுருக்கு." அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், சீமைப்பலாத் துண்டு வாய்க்குப் பக்கத்தில் போன நேரத்தில், அந்த அச்சடித்த வரி ஞாபகம் வந்தது.

நாளைக் காலை இந்தப் பிள்ளைகள் தாளைப் பிரிப்பார்கள். தங்கள் சார், ஓட்டம் தொடங்குமுன்பே தங்களைக் கடைசியில் நிறுத்திவிட்டதைப் படிப்பார்கள். அதையே வீட்டுக்கும் எடுத்துப் போவார்கள். தட்டை வைத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினார். தாள்கள் உள்ளே, கதவில் பூட்டு. மிஸ் கடோர் மூன்று மணி பஸ்ஸில் சாவியோடு ஊருக்குப் போயாயிற்று. ஜன்னலில் கம்பி. கம்பிக்குள் தலை போகிறதா என்றுகூடப் பார்த்தார். வழுக்கை உள்ளே போயிற்று, காது போகவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இவர் ஸ்டேப்ளரும் அடித்து வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மிஸ் கடோருக்கு முன்னால் வந்து வாசலில் நிற்கவேண்டும் என்று கிளம்பினார். பஸ் டயர் வழியில் பஞ்சர். வந்து சேர்ந்தபோது தாள்கள் எல்லார் கையிலும் இருந்தன. மேசையில் இவர் பெயர் எழுதிய ஒரு பிரதி காத்திருந்தது. பிரித்தார். அந்த வரி அப்படியே இருந்தது.

கூட்டத்தில் தலைமையாசிரியை மிஸஸ் மொடெஸ்ட் படித்தார். முதலிடம் சிவப்பு, இரண்டாமிடம் பச்சை. "மூன்றாமிடம், மஞ்சள்" என்றதும் மண்டபத்தின் ஒரு பக்கம் எழுந்து நின்று கத்தியது. "நான்காமிடம், நீலம்."

கலிஸ்ட் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பு கிளம்பக் காத்திருந்தார். ஒன்றும் கிளம்பவில்லை. பேனாக்கள் கீறும் சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்து பக்கத்தில் இருந்த பர்செலின் தாளைப் பார்த்தார். அச்சடித்த வரி நீல மையில், ஸ்கேல் வைத்து, எழுத்தே தெரியாதபடி அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே மற்ற மூன்றின் அதே நீளத்தில் இன்னொரு கோடு. பர்செல் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதன்மேல் 'நீலம்' என்று எழுதிக்கொண்டிருந்தார். முன் வரிசையிலும் அப்படித்தான், பின் வரிசையிலும் அப்படித்தான்.

கூட்டம் கலைந்ததும் ஜோடெலைத் தேடிப் பிடித்தார்.

"எப்பம்மா பாத்தீங்க?"

"புதன்கிழமையே சார். ஸ்டேப்ளர் அடிக்கையில."

"அத்தனை தாள்லயும் உக்காந்து கோடு போட்டு அடிச்சீங்களா?"

"அஞ்சு மணி ஆயிருச்சு. நம்ம இல்லத்து ஆரோனுக்குப் பஸ் போயிருச்சு, நடந்தே போனான்."

"எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டா சாரி சொல்லிட்டு ஒரு ஜோக் சொல்லுவீங்க. நாங்களும் சிரிச்சிருவோம். அப்புறம் எதுக்கு சார் ஓடணும்?" அவள் தன் தாளில் அடித்திருந்த வரியைக் காட்டினாள். "உங்களைப் பத்திச் சொன்னா எங்களுக்கும் சிரிப்பு வரும் சார். இது எங்களைப் பத்தி."

கலிஸ்ட்டுக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வருடமாகத் தன்னைத்தானே அடித்துக்கொள்வதாக நினைத்திருந்தார். அடி விழுந்ததெல்லாம் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் மேல். தாளை நீட்டினார்.

"என்னோடதுல மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

"நீங்க எழுதினது. நீங்கதான் அடிக்கணும்" என்று பையிலிருந்து ஸ்கேலை எடுத்துக் கொடுத்தாள்.

சுவரில் தாளை வைத்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக அடித்தார். கீழே புதிதாக ஒரு கோடு போட்டார். ஸ்கேல் நழுவியதில் அது பாதி வழியில் சரிந்து கீழே இறங்கியது. ஜோடெல் எட்டிப் பார்த்தாள்.

"முயற்சி பாராட்டத்தக்கது, சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி ஸ்கேலை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

வில்மட் கலிஸ்ட்டை முந்திக்கொண்டு ஒருவர் சிரிப்பது இதுதான் முதல் தடவை. கோணல் கோட்டின்மேல் 'நீலம்' என்று எழுதிவிட்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.