தூசி படியாத விசிறி

வீடியோ கேம் பெட்டி செய்யும் கம்பெனியில் அவருக்கு 'விசிறி' என்றுதான் பெயர். பெட்டி சூடேறாமல் காக்கும் குட்டி விசிறியை வடிவமைப்பது அவர் வேலை. பழைய பெட்டி போட்ட இரைச்சலுக்கு ஊரெல்லாம் திட்டு வாங்கியவர், புதிய பெட்டியை மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காதபடி இழைத்து இழைத்துச் செய்தார். அதில் ஓட உருப்படியான கேம் ஒன்றுகூட இல்லையே என்று யாரோ முனகியபோது எரிந்து விழுந்தார். "மொதல்ல பெட்டி வரட்டும்யா. கேம் தானா வரும்!"

பெட்டி கடைக்குப் போய் அரை வருஷம் ஆயிற்று. இரைச்சல் என்று ஒரு புகாரும் வரவில்லை. பூரித்துப்போய் ரிப்பேர் பிரிவுக்குப் போனார். அங்கே அவருடைய அக்காதான் மேற்பார்வை. மேசை முழுக்கப் பழைய பெட்டிகள். எல்லா விசிறியிலும் தூசி பஞ்சாக அடைத்திருந்தது.

"பாத்தியாக்கா, நம்ம புதுசு ஒண்ணுகூட வரல!"

அக்கா சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு புதிய பெட்டியை எடுத்துத் திறந்தாள். "இது வந்துச்சு. கீழ விழுந்து மூடி ஒடஞ்சிருச்சாம். வெளியான அன்னைக்கே வரிசையில நின்னு வாங்கினதுடா."

விசிறியின் இறகில் விரலை வைத்து இழுத்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"விளையாடினாத்தானே சுத்தும்," என்றாள் அக்கா. "மூடி மாத்தியாச்சு, எடுத்துட்டுப் போங்கன்னு ரெண்டு மாசமா கூப்பிடறேன். அவசரமில்லீங்க, அங்கயே இருக்கட்டும்ங்கறாங்க."