சித்தப்பாவின் மேட்டில் சிவப்புக் கொடி

ஏழாம் மாதத்தில் உத்திரமேரூர் டாக்டரம்மா என்னைப் பஸ்ஸில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் செங்கல்பட்டில் இருந்த கணவர் வீட்டுக்குத் திரும்பாமல், சாலவாக்கம் பக்கத்து எங்கள் ஊரில் அம்மாவோடு தங்கிவிட்டேன். அப்பா போனபிறகு அம்மாதான் நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவாள். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

என் சலிப்பைப் பார்த்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ஒரு கம்ப்யூட்டரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் ஆபீஸில் கழித்துப் போட்டது. புது ஆட்டம் எதுவும் அதில் ஓடாது. அதனால் பழைய ஆட்டங்களைச் சேர்த்து வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு சிடி வாங்கி வந்திருந்தார். போட்டுப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் கல்லூரியில் படித்தபோது லேபில் திருட்டுத்தனமாக ஆடிய அதே ஆட்டம். வாத்தியார் வந்தால் திரையை மாற்றிவிட்டு, ஏதோ புரோகிராம் எழுதுவதுபோல விரல்களை ஆட்டுவோம்.

ஒரு கோட்டை, நாலு கூலியாட்கள், சுற்றிலும் இருட்டு. அப்படித்தான் அது தொடங்கும். ஆட்கள் மரம் வெட்டி, பயிர் வைத்து, வீடு கட்டுவார்கள். பிறகு படை திரட்டி இருட்டுக்குள் அனுப்ப வேண்டும். அங்கே எதிரி எங்கே இருக்கிறான் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். இத்தனை வருஷம் கழித்து ஆடும்போதும் அந்த இருட்டின் ஓரத்தில் ஆளை நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

வேனிலிருந்து பெட்டிகளை இறக்கியபோது தெருவே பார்த்தது. அது நிலம் வாங்க வெளியாட்கள் அலைந்த காலம். வெள்ளைக் கார் ஒன்று ஏரிக்கரையில் நின்றாலே, யார், எதற்கு என்று ஊரில் பேச்சு ஓடும். "மாப்ள எந்தக் கம்பெனில கீறாரு?" என்று அம்மாவிடம் இரண்டு பேர் கேட்டார்களாம். அம்மா பம்ப்செட் உதிரிபாகம் செய்கிற கம்பெனி என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கொஞ்ச நாளில் ஆட்டத்தில் வந்த தேசங்களெல்லாம் தீர்ந்துவிட்டன. அந்தச் சிடியிலேயே நாமே தேசம் வரைந்துகொள்ளவும் வழி இருந்தது. புல், தண்ணீர், மணல், மரம் என்று எடுத்து எடுத்துப் பூச வேண்டியதுதான். என்ன வரைவது என்று யோசித்தபோது எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர் மட்டும்தான். முதலில் ஏரியைப் போட்டேன். பிறகு கரை, மதகு, மிச்சத் தண்ணீர் வழிகிற கலங்கல், களம், தெரு. அதில் பனைமரம் கிடையாது. குளிர்தேசத்து மரங்களைக் கரையோரம் நட்டேன். யார் நிலம் எங்கே முடிகிறது என்று வரப்பு வரப்பாக எனக்குத் தெரியும். அதை அப்படியே கட்டம் கட்டமாகப் பிரித்தேன். எங்கள் நிலத்தில் என் நீலக் கோட்டையை வைத்தேன். எதிரிக்கு உயரமான இடம் வேண்டும் என்று, சித்தப்பாவின் மேட்டு நிலத்தில் சிவப்புக் கொடிகளை நட்டேன்.

சித்தப்பா அப்பாவின் பங்காளி. அந்த மேடு போக அவருக்கு இருந்த வயலுக்கும் எங்கள் வயலுக்கும் ஒரே மதகுத் தண்ணீர். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க ஒருநாள் வந்தவர், கட்டிலுக்குப் பக்கத்தில் தையல் மெஷின் பலகைமேல் இருந்த திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது நம்ம ஏரி ஆச்சே."

"ஆமா சித்தப்பா. நான்தான் வரைஞ்சேன்."

கிட்டே வந்து விரலால் கண்ணாடியைத் தொட்டு, கலங்கலிலிருந்து ஒவ்வொரு கட்டமாக எண்ணிக்கொண்டே வந்தார். மேட்டுக்கு வந்ததும் விரல் நின்றது.

"என் நெலத்துல மட்டும் இன்னாத்துக்கு செவப்புக் கொடி?"

"அது எதிரிங்க இடம் சித்தப்பா. ஆட்டத்துக்கு."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கொடியையும் எங்கள் நிலத்துக் கோட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒங்க நெலத்துல மட்டும் மாளிகை கீது" என்றார். அம்மா கொடுத்த காபியைக் குடிக்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு என்னைப் பார்க்க வருகிறவர்கள் அதிகமானார்கள். பிள்ளைத்தாச்சிக்கு என்று சொல்லி அதிரசமும் புளிச்சோறும் கொண்டுவந்தார்கள். என் கையில் பாத்திரத்தைக் கொடுக்கும்போதே கண் தையல் மெஷின் பக்கம் போகும். நான் திரையை அணைத்துவைத்தால், "எங்களக் கண்டதும் மூடிட்டியே" என்றார்கள். திறந்துவைத்தால் பேச்சு நின்றுவிடும். யார் என்னைப் பார்க்க வந்தது, யார் அதைப் பார்க்க வந்தது என்று எனக்கும் பிரிக்கத் தெரியாமல் போனது. அதிரசத்தை வாயில் வைக்கும்போதே, இவர்கள் வெளியே போய் என்ன சொல்வார்கள் என்றுதான் நினைப்பு ஓடும்.

எதிர்வீட்டு அத்தை மட்டும் நேராகக் கேட்டாள். "கண்ணு, எங்க ஏரிக்கால் நெலத்த மட்டும் அதுலேந்து எடுத்துடுமா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

நானும் எடுத்துவிட்டேன். ஆனால் அந்த இடத்தைச் சும்மா விட முடியாது, ஏதாவது ஒன்றைப் பூசித்தான் ஆக வேண்டும். ஏரிக்குப் பக்கம் என்பதால் தண்ணீரைப் பூசினேன். மறுநாள் காலை அத்தை வாசலில் நின்று கத்தினாள். "எடுத்துடுன்னு சொன்னா ஏரியோட சேத்துட்டியாமே! ஏரிப் பொறம்போக்குன்னு எய்திக் குடுக்கப் போறியா?" அதை அவளுக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. வீட்டில் நானும் அம்மாவும்தான் இருந்தோம். பார்த்துவிட்டுப் போனவர்கள் பலர்.

அந்த வாரம் எங்கள் வயலுக்கு நீர்முறை வந்தபோது யாரும் வந்து சொல்லவில்லை. அம்மா தானே மதகுக்குப் போய்ப் பார்த்தாள். தண்ணீர் சித்தப்பா வயலைத் தாண்டி வராமல் மடை கட்டியிருந்தது. திரும்பி வந்தவள் சேற்றுக் காலோடு என் முன்னால் நின்றாள்.

"இந்த எழவ நீ அவங்க எதிர்ல ஆடிக் காட்டு. நான் போயி கூட்டியாறேன்."

சித்தப்பா வந்தார். எதிர்வீட்டு அத்தையும் இன்னும் சிலரும் வந்தார்கள். நான் ஆட ஆரம்பித்தேன். குட்டி ஆட்கள் எங்கள் ஏரிக்கரையில் மரம் வெட்டினார்கள், களத்துப் பக்கம் வீடு கட்டினார்கள். யாரோ சிரித்தார்கள். சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து மேட்டிலிருந்து சிவப்புப் படை இறங்கியது. தெருவை ஒரு பக்கத்திலிருந்து கொளுத்திக்கொண்டே வந்தது. நான் தடுக்கத் தடுக்க வீடுகள் எரிந்தன.

சித்தப்பா எழுந்துகொண்டார். "புள்ள பெக்கப் போறவ, இஞ்சினீரு படிச்சவ, பொம்ம வெச்சி வெளாடறா. இத நாங்க நம்பணும்" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "மாப்ள கேக்காம இதெல்லாம் ஆவுமா?"

அந்தக் கேள்விதான் எனக்குள்ளும் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்த கணவர், வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். "மதகுக்குத் தெற்கால இருக்கறது யாருது?" என்று கேட்டார். இதற்கு முன்பும் இப்படி ஏதாவது கேட்டிருப்பார். அன்றைக்குத்தான் காதில் வேறு மாதிரி விழுந்தது.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். அங்க பாலம் வெச்சா படை சுலபமா தாண்டும்."

நான் குளித்துவிட்டு வந்தபோது அவர் ஒரு பிளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். என்ன என்றேன். "உன் மேப்தான். சிடி குடுத்தானே, அவன் பாக்கணும்னான்." அந்த நண்பரை நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. கணவரின் முதலாளி ஊர்ப்பக்கம் இடம் தேடுகிறார் என்று எப்போதோ பேச்சுவாக்கில் கேட்டது அப்போது ஞாபகம் வந்தது. பஸ்ஸுக்கு நடந்துபோகும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு நண்பர் இருக்கவே மாட்டார் என்று அன்று முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பெண் பிறந்தாள். குழந்தையோடு செங்கல்பட்டுக்குப் போன கொஞ்ச நாளில், "அந்த நண்பர் வீட்டுக்கு ஒரு தடவ போயிட்டு வரலாம்" என்றேன். அவர் மறுக்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் சின்ன வாடகை வீடு. நண்பருக்கு எங்கள் வயதுதான். தாம்பரத்தில் ஒரு கடையில் வேலை. கம்ப்யூட்டரில் எங்கள் ஏரி திறந்திருந்தது. அவர் சிவப்புப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தார்.

"இந்த மேட்ட எங்கங்க புடிச்சீங்க?" என்று என்னைப் பார்த்ததும் கேட்டார். "இதுல உக்காந்தவன யாராலயும் அசைக்க முடியல. எத்தனையோ தடவ ஆடிட்டேன்."

திரும்பி நடந்து வந்தோம். குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு கணவர் சொன்னார். "நீ எதுக்கு வரணும்னு சொன்னேன்னு எனக்குத் தெரியும். நான் வாயால சொன்னா நம்பியிருக்க மாட்டே."

அவர்மேல் இருந்த சந்தேகம் அங்கேயே போய்விட்டது. ஊரில் அது போகவில்லை. என் கணவரின் கம்பெனி பிடுங்கிக்கொள்வதற்கு முன்னால் கைமாற்றிவிட வேண்டும் என்று, சித்தப்பா அந்த மேட்டை வந்த முதல் புரோக்கருக்கே விற்றுவிட்டார். கேட்ட விலைக்குப் பேரம்கூடப் பேசவில்லையாம். வாங்கியவர் கல் நட்டு வேலி போட்டார். அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. பொங்கலுக்குப் போனபோது சித்தப்பாவைத் தெருவில் பார்த்தேன். "இப்ப திருப்திதானே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நடவு சமயம். நானும் அம்மாவும் வரப்பில் உட்கார்ந்து நாஷ்டா தின்றுகொண்டிருந்தோம். என் பெண் சேற்றில் காலை நனைத்துக்கொண்டிருந்தாள். அம்மா திடீரென்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏண்டி, நெசமாவே அந்தப் படத்த வரையச் சொல்லி மாப்ள ஒன்ன கேக்கலியா?"

நான் அவளைப் பார்த்தேன். இத்தனை நாளும் எனக்காக ஊரோடு சண்டை போட்டவள்.

"கேக்கலம்மா."

"சரி" என்றாள். நாற்றுக் கட்டுக்கு ஆள் கூப்பிட்டார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டாள். அவள் நம்பினாளா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.