செம்புத் தகட்டின் முன்னால் அவள்

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற அறை வாசலில் ஒரு செம்புத் தகடு உண்டு. அதில் கை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, முன்னால் நின்றவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வழக்கம் போலிருக்கிறது என்று நானும் ஒற்றிக்கொண்டேன். போர்மேன் சிரித்துவிட்டார்.

"ஏத்தா, அது சாமியில்ல. ஒடம்புல உள்ள கரண்டு மண்ணுக்குள்ள எறங்குததுக்கு வச்சிருக்கு."

"நானும் அதத்தாண்ணே கேக்கேன்," என்றாள் அவள். "எங்கிட்ட உள்ள சூட்ட எறக்கிக்கிடுன்னு."

"சரித்தா, வெரசா வேண்டிக்கிட்டு உள்ள போ. ஆர்டர் நிக்கி."

தினமும் வரிசையில் அவள்தான் முதல் ஆள். தகட்டில் கை வைத்து ஏதாவது சொல்லுவாள். ஒரு நாள் சொன்னதை மறுநாள் சொல்ல மாட்டாள்.

"தாயே, யாரோ எங்கயோ சிரிக்கதுக்கு நான் செய்யுத வெளிச்சம் இது. அவுக வாசலுக்குப் போய்ச் சேருத வரைக்கும் எங்கையில தூங்கட்டும்."

இன்னொரு நாள், "மேல பூவா விரியுததும் கீழ சாம்பலா விழுததும் ஒண்ணுதான்னு பாக்குத மனசக் குடு" என்றாள்.

கோயிலில்கூட நான் லேசில் தலை குனிகிறவள் இல்லை. அவள் பேசும்போது குனிந்திருக்கிறேன்.

பிறகு தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வெடித்தது. செத்துப்போனவர்களில் அவளுடைய தங்கச்சியும் ஒருத்தி. துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள், முகம் காட்டவில்லை.

அதிகாரிகள் சோதனை என்று எங்கள் கம்பெனியையும் கொஞ்ச நாள் மூடிவைத்துத் திறந்தார்கள். திறந்த அன்று எங்களை ஏற்றிப்போகிற வேனுக்குள் அவள் பேச்சாகவே இருந்தது.

"வருவாளா?"

"வந்தாலும் இனி அந்தத் தகட்டுகிட்ட என்னத்தப் பேசுவா? நானா இருந்தா காறித் துப்பிருவேன்."

அவள் தன் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் நின்றிருந்தாள். ஏறினாள். நகர்ந்து இடம் விட்டோம்.

வரிசையிலும் முதலில் போய்த்தான் நின்றாள். ஆனால் கை எழவில்லை. நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். அவள் திரும்பினால் நானும் திரும்பிவிடுவேன். அந்த அறைக்குள் போக எனக்கு இருந்த ஒரே தைரியம் அவள்தான்.

போர்மேன் அருகில் வந்தார். "முடியலன்னா வீட்டுக்குப் போத்தா. மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

வேண்டாம் என்று தலையசைத்தாள். கையைத் தகட்டில் வைத்தாள்.

"இம்புட்டு நாளும் நாந்தான் பேசுனேன். இன்னைக்கு நீ பேசு."

அவ்வளவுதான். அப்படியே நின்றாள். நாங்களும் நின்றோம். கருவேலங்காட்டில் காற்று போகிற சத்தம் மட்டும் கேட்டது. அவசரப்படுத்துகிற போர்மேனும் அன்று அவசரப்படுத்தவில்லை. வெகுநேரம் கழித்துக் கையை எடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு என்ன கேட்டது என்று நான் இன்றுவரை விசாரித்ததில்லை. அடுத்தவர் காதில் விழுந்ததை எப்படிக் கேட்பது?

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"ஏ மதினி, அங்கன நின்னு என்னத்தப் பாக்கீக? வாங்க."

போனேன்.