வெள்ளையாக இருந்த ஃபில்டர்

மகளுக்கு ஒன்பதாவது மாதம். தலைப்பிரசவத்துக்குத் திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆட்டோவில் குலுங்கி வரக்கூடாது, வலி கண்டதும் காரில் படுக்க வைத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ராயபுரத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொல்லியிருந்தார். கார் இருந்தது. போன வருஷம் பழசாக வாங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் அது அடம்பிடிக்க ஆரம்பித்தது.

சும்மா நின்று ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் வம்பு. ஒரு கணம் அப்படியே தயங்கும். பிறகு முக்கி முனகிக் கிளம்பும். வேறு ஊரில் இது பெரிய விஷயமாக இருக்காது. எங்கள் தெரு முடிகிற இடத்தில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்று போய்க்கொண்டே இருக்கும். இரண்டு லாரிக்கு நடுவில் கிடைக்கிற சந்தில் சட்டென்று ஏறிவிட வேண்டும். ஒரு நாள் காலையில் நான் தனியாகப் போனபோது வண்டி பாதி ரோட்டில் தயங்கியது. லாரியின் முகம் என் பக்கத்துக் கண்ணாடி முழுக்க நிறைந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தி நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "யோவ், வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று கத்தினான். பின்சீட்டில் மகள் படுத்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. போன காரியத்தை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று மறந்துபோனது. சஜ்தாவில் நெற்றி தரையில் இருக்கும், மனசு தெருவில் நிற்கும் வண்டியில் இருக்கும். மகள் லேசாக முனகினாலே சாவியைத் தேடினேன்.

"அத்தா, திரும்பிப் படுத்தேன், அவ்ளோதான். போய் ஒக்காரு."

"புள்ள பெறப் போறது அவளா, நீங்களா?" என்றாள் மனைவி.

விம்கோ நகர் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். முதல் தடவை போனபோது பிளக்குகளை மாற்றி, "இனிமே பிச்சிகினு போவும் பாய்" என்றார். போகவில்லை. இரண்டாவது தடவை பெட்ரோல் சரியாக வருகிறதா என்று பார்த்தார், கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். "ஒரு கோளாறும் இல்லன்னு சொல்லுது பாய்." நான் பெட்ரோல் பங்க்கைச் சந்தேகப்பட்டேன். அதைவிட மோசம், எனக்கு வண்டியை விற்றவரைச் சந்தேகப்பட்டேன். அவர் எங்கள் பள்ளிவாசலில் தொழுகிறவர். கோளாறை மறைத்து என் தலையில் கட்டிவிட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, அவர் சொன்ன சலாமுக்கு வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு நகர்ந்தேன்.

மூன்றாவது தடவை மெக்கானிக் காற்று ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். ஃபில்டரை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"இது எப்ப மாத்துன பாய்?"

"வாங்குனதுலேர்ந்து மாத்தவே இல்லியே."

"இந்த ஏரியாவுல ஒரு மாசம் ஓட்னா ஃபில்டரு கரிச்சட்டி மாதிரி ஆயிடும். ஒன்னுது மட்டும் பல்லு வெளக்கிகினு வந்தா மாதிரி கீதே, எப்டி?"

"நான்தான் தூசி போவாம துணி கட்டி வெச்சிகிறேனே" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

எங்கள் பக்கத்தில் கொடியில் காய்கிற வெள்ளைத் துணியில் சாயங்காலம் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும். தண்ணீர்க் குழாயின் வாயில் துணி கட்டாத வீடே கிடையாது. காரை வாங்கிய அன்று, எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயை ஹெட்லைட்டுக்குப் பின்னால் பார்த்தேன். என் பழைய மல் வேட்டியைக் கிழித்து, இரண்டாக மடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி அதன் வாயில் கட்டினேன். வண்டிக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. குழாயில் துணி கட்டியிருப்பதை யார் போய் யாரிடம் சொல்கிறார்கள்?

அவர் ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி அதை வெளியே இழுத்தார். வேட்டி என்று சொல்ல முடியாது. கரியும் கடல் ஈரமும் ஏறி, பழைய செருப்புத் தோல் மாதிரி விறைத்துப்போயிருந்தது.

"நிக்க சொல்ல கொஞ்சம் காத்து போதும் பாய், மிதிச்சா நெறைய கேக்கும். எங்க, நீ மூக்கப் பொத்திகினு டோல்கேட்டு வரைக்கும் ஓடு பாக்கலாம்! ரெண்டு வாரமா என்னையும் பேஜாரு பண்ட்டியே."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வாரம் அல்லாஹ்விடம் அழுதிருக்கிறேன், அந்த முடிச்சைப் போட்டது என் கை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், வண்டி விற்றவரின் கையைப் பிடித்து நடந்ததைச் சொல்லி மாப்பு கேட்டேன். "நீ கோவமா கீறன்னே எனக்குத் தெரியாதே" என்றார்.

துணியை எடுத்ததும் வண்டி ஒழுங்காக ஓடியது, அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் தெருமுனை வரைக்கும் போய் மிதித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு வரும்போது மனைவி வாசலில் நின்று கையை ஆட்டினாள். மகளைப் பின்சீட்டில் தாயின் மடியில் படுக்க வைத்தோம். தெருமுனையில் ஒரு லாரி போனது, இன்னொன்று போனது. மூன்றாவது கொஞ்சம் தள்ளி வந்தது. மிதித்தேன். வண்டி ஒரு கணம்கூட நிற்காமல் பாய்ந்து ரோட்டில் ஏறியது. அந்தச் சந்தோஷத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

"அத்தா! இன்னாத்துக்கு இந்த வேகம்? உயிர் போவுது, மெல்லமா போ!"

மனைவி பின்னாலிருந்து என் தோளில் ஒரு அடி வைத்தாள். காலை எடுத்தேன். பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, இரண்டாவது கியரிலேயே உருட்டினேன். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒவ்வொன்றாய் எங்களைத் தாண்டிப் போயின. மனைவி ஓதிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியில் ஏற்றும்போது மகள் என்னைப் பார்த்து, வலியோடு வலியாகச் சொன்னாள்: "இதுக்கு நடந்தே வந்துருக்கலாம் அத்தா."

சாயங்காலம் மஃரிப் பாங்குக்கு முன்பே பேத்தி பிறந்துவிட்டாள்.