அவள் சைக்கிளும் என் ஹார்னும்

புருஷனுக்கு இன்னொருத்தி வந்தால் பெண்டாட்டி அவளைச் சக்களத்தி என்று திட்டித் தீர்க்கலாம். பெண்டாட்டிக்கு ஒரு சைக்கிள் வந்தால் புருஷன் அதை என்னவென்று திட்டுவது? எனக்கு இன்றுவரை வார்த்தை கிடைக்கவில்லை. கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவன் நான். வார்த்தைக்குப் பஞ்சமே இல்லாத ஸ்டாண்டில் நிற்பவன். அப்படியும் அந்தக் கறுப்பு சைக்கிளைப் பார்த்தால் பல்லைக் கடிக்க மட்டும்தான் முடிகிறது.

என் மனைவிக்கு ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை. பிள்ளைகள் சாப்பிட வருவதற்குள் இட்லி இறங்கியாக வேண்டும் என்பதால் விடியும்போதே கிளம்பிவிடுவாள். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். எங்கள் வீட்டிலிருந்து ஏரி வரைக்கும் இறக்கம், ஏரியை ஒட்டிக் கொஞ்சதூரம், அப்புறம் மெஸ்ஸுக்கு ஒரு மேடு. கண்ணாடியில் ஆவி படியும், அவள் முந்தானையால் துடைத்துவிடுவாள். அந்த நேரம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன சீசனில் வந்தது வினை. கீழேயிருந்து ராத்திரியே கிளம்பிய கார்கள், விடியும்போது பெருமாள்மலையிலிருந்தே வரிசை கட்டி நின்றன. ஏரி ரோட்டில் ஓர் அடி நகர வழியில்லை. என் காரும் அந்த வரிசையில் ஒன்று. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கதவைத் திறந்து இறங்கி ஓடினாள். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு ரொட்டிதான். மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். மறுநாளும் அதே கதை. அந்த வாரக் கடைசியில் ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடும் பாயிடமிருந்து ஒரு பழைய கியர் சைக்கிளை விலைக்கு வாங்கி உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள்.

எங்கள் ஊரில் சைக்கிள் என்றால் டூரிஸ்ட் ஏறுவது. ஏரியை ஒரு சுற்று சுற்றி, போட்டோ எடுத்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். உள்ளூர்க்காரர்கள் யாரும் அதில் வேலைக்குப் போய் நான் பார்த்ததில்லை. ஸ்டாண்டில் விடுவார்களா?

"ஏலே, உன் வீட்டம்மா எந்த ஊரு டூரிஸ்ட்டு? ரூம் கெடச்சிருச்சா, நாங்க வேணும்னா பாத்துத் தரவா?"

நானும் சிரித்து வைத்தேன். வயிறு எரிந்தது.

சைக்கிள் வந்த பிறகு அவள் ஆளே மாறிப்போனாள். சாயங்காலம் கன்னமெல்லாம் சிவந்து வருவாள். சங்கிலிக்கு எண்ணெய் விடுவாள், துணியால் துடைப்பாள், மழை வந்தால் எனக்கு முன்னால் ஓடிப்போய் அதற்குத் தார்ப்பாய் போடுவாள். நான் நனைந்து வந்தால் துண்டு கொடியில் கிடக்கிறது என்று சொல்வாள், அவ்வளவுதான். போதாக்குறைக்கு அந்தப் பாய். இறக்கத்தில் முன் பிரேக்கைத் தனியாகப் பிடிக்கக்கூடாது என்று பாய் சொன்னாரு. பின்னால் சிவப்பு லைட் போடணும் என்று பாய் சொன்னாரு. தங்கச்சி தங்கச்சி என்று அந்த மனிதர், வெளிச்சம் பட்டால் பளபளக்கும் மேல்சட்டை ஒன்றையும் தேடிக் கொடுத்திருந்தார். என் அப்பா வயசுக்காரர். அவர் மேலும் பொறாமைப்பட்டேன். வெட்கம்தான், ஆனால் பட்டேன்.

சரி, பொறாமை ஒரு பக்கம். பயமும் இருந்தது. அது நிஜமான பயம், ஏனென்றால் எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். மலை ரோட்டில் பாதி வண்டியைக் காதால்தான் ஓட்டுகிறோம். வளைவுக்கு முன்னால் ஹார்ன் அடிப்போம். எதிரே பதில் ஹார்ன் வந்தால் ஒதுங்குவோம். வரவில்லை என்றால் ரோடு காலி என்று எடுத்துக்கொண்டு முழு வளைவையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். நானும் அப்படித்தான். மேகம் இறங்கிய காலையில், கண்ணாடியை ஏற்றிவிட்ட ஜீப்புக்குள் சைக்கிள் மணி எப்படிக் கேட்கும்? அந்தக் கணக்கில் என் மனைவி ரோட்டிலேயே இல்லை.

அவளுக்கு ஹார்ன் இல்லை, எனக்கு இருக்கிறதே என்று யோசித்தேன். மறுநாள் முதல் அவள் கிளம்பியதும் நானும் காரை எடுத்தேன். மெஸ் மேட்டின் அடிவரைக்கும் பின்னாலேயே போய், ஒவ்வொரு வளைவிலும் அவளுக்காக நான் அடித்தேன். எதிரே வந்த ஜீப்புகள் ஒதுங்கின. எனக்கு ஒரே பெருமை. பாய் லைட்டுதானே கொடுத்தார், என்னை மாதிரி அவரால் காவலுக்கு வர முடியுமா? அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சந்தோஷத்தில் பார்க்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம், "நீங்க பின்னாடி வர வேணாங்க" என்றாள். கூச்சப்படுகிறாள் என்று அதையும் எனக்குத் தோதாக எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் நல்ல மேகம். அவள் சிவப்பு லைட் மட்டும் முன்னால் மினுக்கிக்கொண்டு போனது. மேட்டுக்கு முந்தின வளைவு வந்ததும் வழக்கத்தைவிட நீளமாக அடித்தேன். லைட் சட்டென்று இடது பக்கம் ஒதுங்கியது. அங்கே ஈரப் பைன் சருகு. லைட்டைக் காணோம்.

காரை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினேன். ரோட்டோர வாய்க்காலில் சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நல்லவேளை, முழங்கை சிராய்ப்போடு போனது. அவள் எழுந்து முதலில் சைக்கிளின் ஹேண்டில் நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். அந்த நேரத்திலும் எனக்கு அது உறுத்தியது.

"ஏன் ஒதுங்குன? எதுக்க வர்றவனுக்குத்தான அடிச்சேன்!"

"எனக்கு எப்படிங்க தெரியும்? பின்னாடி கார் ஹார்ன் அடிச்சா ஒதுங்கத்தான செய்வாங்க. தினமும் ஒதுங்கி ஒதுங்கித்தான் போறேன். இந்த ரோட்ல எனக்கு ஒரு வண்டியப் பாத்தாத்தான் பயம். அது உங்க வண்டி."

ஆனாலும் விடவில்லை நான். "இந்த சனியன இங்கேயே போட்டுட்டு கார்ல ஏறு. முன்ன மாதிரி ஒண்ணாப் போவோம்" என்றேன்.

"எப்பங்க ஒண்ணாப் போனோம்?"

"தினமும்தான போனோம்!"

"நீங்க போன்ல பேசிக்கிட்டே வருவீங்க. எந்தப் பார்ட்டி, எத்தன பேரு, எந்த லாட்ஜுன்னு. நான் எதாச்சும் சொல்ல வாயத் தொறந்தா கையக் காட்டி நிறுத்துவீங்க. எறங்கும்போதும் தலைய மட்டும் ஆட்டுவீங்க. அந்தப் போன எத்தன நாளு ஏரியில எறியணும்னு நெனச்சிருக்கேன் தெரியுமா?"

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சேலையில் ஒட்டிய சருகைத் தட்டிக்கொண்டே சொன்னாள். கார் ரோட்டில் கதவு திறந்தபடி நின்றது, உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ பார்ட்டி. இத்தனை வருஷம் அவளுக்கும் வயிறு எரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாமல் போயிருக்கிறது.

போய் காரை ஓரமாக நிறுத்திப் பூட்டினேன். போனை எடுக்கவில்லை. வாய்க்காலிலிருந்து சைக்கிளைத் தூக்கி ரோட்டில் வைத்தேன். அந்த மேடு ஏறினால்தான் மெஸ். அந்த ஏற்றத்தில் அவள் எப்போதும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவாளாம். அதுவும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"குடு, நான் தள்றேன். உனக்குக் கை வலிக்கும்."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தாள். தள்ளும்போதுதான் அதன் கனம் தெரிந்தது. பக்கத்தில் நடந்துகொண்டே அவள் பேச ஆரம்பித்தாள். மெஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று அழுதுகொண்டே தோசை கேட்பது, ஏரி ஓரத்தில் தினமும் நிற்கிற குதிரைக்கு அவளை அடையாளம் தெரிவது. நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.

அன்றைக்கு ஸ்டாண்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். "இந்தா பாருங்கப்பா, வளைவுல ஹார்ன் கேக்கலேன்னா ரோடு காலின்னு நெனச்சுப்புடாதீங்க. என் வீட்டம்மா வந்துக்கிட்டிருப்பா. வெரசாப் போயி என்ன கிழிக்கப் போறோம்?" சிலர் சிரித்தார்கள். ஆனால் காலையில் வளைவுகளில் இப்போது மெதுவாகத்தான் திரும்புகிறார்கள், நானே நின்று பார்த்திருக்கிறேன்.

நான் அவள் பின்னால் போவதில்லை. காரை ஸ்டாண்டில் போட்டு, போனை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு, மேட்டுக்குக் கீழே போய் நிற்கிறேன். சிவப்பு லைட்டும் பளபளச் சட்டையுமாக வந்து இறங்குவாள். என் எதிரியைத் தினமும் என் கையாலேயே மேலே தள்ளிக்கொண்டு போகிறேன். அவள் பேசிக்கொண்டே வருவாள். பாதிப் பேச்சில் மேடு முடிந்துவிடும். "சரிங்க, சோலி கெடக்கு, மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்" என்று ஹேண்டிலை வாங்கிக்கொண்டு ஏறிப் போய்விடுவாள்.

நான் தனியாக இறங்கி வருவேன். இந்த மேடு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று தினமும் நினைத்துக்கொள்வேன்.