பத்தைக் கழிச்சிக்கோ சார்

போன செவ்வாய்க்கிழமை என் கார் ஏ.சி.யில் வெறும் காற்றுதான் வந்தது. அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது... அதற்குள் இந்த வெயில்! ஜன்னலைத் திறக்கலாம்தான். ஆனால் எண்ணூர் ரோட்டில், டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் ஜன்னலைத் திறந்தால் வெள்ளைச் சட்டை வீட்டுக்குப் போவதற்குள் சாம்பல் கலர் ஆகிவிடும். வண்டியை நேராகக் கரீம் பாய் கடைக்கு விட்டேன்.

கரீம் பாயை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் போகிற வழியில் கார் ஏ.சி. மெக்கானிக். போன வருஷம் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் அவரைப் பற்றி எழுதினேன்; நீங்களும் விழுந்து விழுந்து சிரித்து எனக்கு மெசேஜ் போட்டீர்கள்.

என் காரைப் பார்த்ததும் பாய் ஒரு காரியம் செய்தார். வேறொரு காரில் மாட்டியிருந்த பழைய மீட்டரைச் சட்டென்று கழற்றி உள்ளே வைத்தார். ஆணியில் தொங்கிய இன்னொன்றை எடுத்து, துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். பளபளவென்று இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த மீட்டர்.

“ஏன் பாய், நல்லாத்தானே வேலை பண்ணிட்டிருந்தது? அதை ஏன் கழட்டினீங்க?”

“அது ஒண்ணியும் இல்ல சார்... நீங்க வந்துகிற நேரத்துல உங்க மீட்டர மாட்டலன்னா நல்லாவா இருக்கும்?”

எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் நான் வராத நாட்களில்?

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஏ.சி.யில் கேஸ் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்று பார்க்கிற மீட்டர் இது. நீல ட்யூப் ஒன்று, சிவப்பு ட்யூப் ஒன்று, முள் வைத்த வட்டம் இரண்டு. டாக்டருக்கு பி.பி. மிஷின் எப்படியோ, ஏ.சி. மெக்கானிக்குக்கு இது அப்படி.

பாயிடம் இருந்த பழைய மீட்டரின் கண்ணாடியில் கீறல். எதிலும் மாட்டாமல் சும்மா வைத்திருந்தாலும் முள் பத்தில் நிற்கும். “அது எப்பவும் பத்து ஜாஸ்தி காட்டும். பத்த கழிச்சிக்கோ சார், கரீட்டா வரும்” என்பார். விடுவேனா நான்? ‘பாய் கடையில் சும்மா இருக்கிற காற்றுக்குக்கூட பிரஷர்’ என்று ஒரு பக்கத்துக்கு நக்கலடித்து எழுதினேன்.

அந்தப் பத்திரிகையைப் பாயிடம் கொண்டுபோய்க் காட்டியவர் ஸ்டெல்லா. ராயபுரத்துப் பெண்மணி. எண்ணூரிலிருந்து திருவொற்றியூருக்குப் பள்ளி வேன் ஓட்டுகிறார். பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனுக்குள் உட்கார்ந்து இந்தப் பக்கத்தைப் படிப்பவர். “பாய், உன் மீட்டரு புக்குல வந்துகீது பாரு!” என்று சிரித்தாராம். பாயும் சிரித்தாராம். ஆனால் அதற்குப் பிறகு கடைக்கு வந்தவன் போனவனெல்லாம் “பத்தைக் கழிச்சாச்சா பாய்?” என்று கேட்க ஆரம்பித்திருக்கிறான்.

எனக்குக் குற்ற உணர்ச்சி. சரி, புது மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று பெருந்தன்மை பொங்கியது. எப்படித் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? ஆன்லைனில், பெட்டியின் அழகைப் பார்த்து! குரோம் பாலிஷ், கலர் கலராய் ட்யூப், தூக்கிப் போக சூட்கேஸ். முள் உண்மை சொல்லுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இல்லையே.

கொண்டுபோய்க் கொடுத்த அன்று ஸ்டெல்லாவின் வேன் கேஸ் நிரப்பக் கடையில் நின்றது. “இப்பவே மாட்டுங்க பாய், இதுதான் போணி. ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்” என்றேன். பாய் ஒரு கணம் தயங்கினார். அது வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடியும் போன செவ்வாய்க்கிழமைக்கே வருகிறேன். பாய் என் காரில் மீட்டரை மாட்டிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் வேன் கடையைத் தாண்டிப் போனது. வழக்கமாக ரெண்டு தடவை ஹாரன் அடிப்பார். பாய் நிமிராமலே ஸ்பேனரைத் தூக்கிக் காட்டுவார். பதினோரு வருஷப் பழக்கம் அது. அன்று ஹாரன் இல்லை.

“என்ன பாய், ஸ்டெல்லா பேசாம போறாங்க?”

பாய் ட்யூபை இன்னும் இறுக்கித் திருகினார். நான் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டபிறகுதான் வாயைத் திறந்தார்.

“அன்னிக்கு நீங்க போட்டோ எடுத்தீங்களே, அந்த வேன் வெவகாரம்தான் சார். உங்க மீட்டரு கம்மியா காட்டிச்சு. நானு இன்னும் இன்னும்னு கேஸ ஏத்திட்டேன். மறுநாளு கம்ப்ரஸர் ஜாம். பெல்ட்டு அறுந்து வேன் நடுரோட்ல நின்னுபோச்சு. டிரெய்லர் லைன்ல மாட்டிக்கினு... ஜன்னல தொறக்காம ஸ்டெல்லா இன்னா பண்ணும்? அதுல ஒரு புள்ளைக்கு வீசிங் கீது சார்.”

“பிள்ளைக்கு...?”

“நல்லாகீது. ஆஸ்பத்திரில மெஷின் வெச்சு, சாயந்தரம் வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆனா ஸ்டெல்லா மூஞ்ச பாக்க முடியல சார்.”

“பாய், நீங்க இத்தனை வருஷ மெக்கானிக். உங்களுக்குச் சந்தேகமே வரலையா?”

“கை வேற சொல்லிச்சு. பைப்ப தொட்டா, போதும் நிறுத்துன்னுது. மீட்டரு இன்னும் பத்தலன்னுது. புது மீட்டராச்சே, என் கைதான் தப்புன்னு நெனச்சேன்.”

அவர் கையைச் சந்தேகப்பட வைத்தது யார்? ஊரைச் சிரிக்க வைத்த நான்தான்.

உள்ளே போய் ஏ.சி. கேஸ் சிலிண்டரைத் தூக்கி வந்தார் பாய். அதில் முதலில் பழைய மீட்டரை மாட்டினார். நூற்றிருபது. “பத்த கழி. நூத்திப் பத்து. இந்த வெயிலுக்கு அதான் கணக்கு.” அதே சிலிண்டரில் என் மீட்டர். எண்பத்தைந்து!

இத்தனைக்கும் கழற்றி வைத்தால் என் மீட்டரின் முள் ஜீரோவில் நல்ல பிள்ளையாக நிற்கிறது.

“புதுசு எது வந்தாலும் இப்டி ஒருவாட்டி மாட்டிப் பாத்துட்டுதான் வேலைக்கு எடுப்பேன் சார். அன்னிக்கு... குடுத்தவரு எதுர்லயே எப்டி டெஸ்ட் பண்றது? மரியாதயா இருக்காதே.”

அந்தத் தயக்கம் வெட்கமில்லை, மரியாதை. என் போட்டோவுக்குக் கொடுத்த மரியாதை.

“ஸ்டெல்லாகிட்ட மீட்டர்தான் தப்புன்னு சொன்னீங்களா?”

“எந்த மீட்டருன்னு கேக்குமே சார். ஆசையா வாங்கியாந்து குடுத்தவர எப்டி காட்டிக்குடுக்கறது? என் கை தப்பும்மான்னு சொல்லிட்டேன். ‘உன் கைய நம்பித்தானே பாய் புள்ளைங்கள ஏத்திக்கினு போறேன்’னுச்சு. அவ்ளோதான். அப்பால வரல.”

வியாழக்கிழமை பாயைக் கூட்டிக்கொண்டு, கார் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கிற ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. பாய் கையோடு கொண்டுவந்த சின்ன சிலிண்டரில் ஒவ்வொரு மீட்டராக மாட்டிப் பார்த்தார். கடைக்காரர் முகம் சுளித்தார். நாலாவதாக மாட்டியது நூற்றுப் பத்து காட்டியது. பளபளப்பு கிடையாது, சூட்கேஸ் கிடையாது. வாங்கி வந்தோம். ஆனால் புது மீட்டர் வந்து என்ன? வேன் வரவில்லையே!

“நான் போய் ஸ்டெல்லாகிட்ட பேசட்டுமா?” என்றேன். “வோணாம் சார். நானு சொல்லி அனுப்ச்ச மாதிரி ஆய்டும்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். சத்தியம் வாங்காத குறை.

போய்ப் பேசக் கூடாது என்றுதான் சொன்னார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. கேலி செய்தது இந்தப் பக்கத்தில்தானே? மன்னிப்பும் இதே பக்கத்தில் கேட்கிறேன்.

ஸ்டெல்லா... பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும். பாயின் கை தப்பு செய்யவில்லை. தப்பு செய்தது நான் வாங்கிக் கொடுத்த பளபளப்பு. அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டியதற்கும் நான்தான் காரணம். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். வேலை கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். கடையைத் தாண்டும்போது ஒரே ஒரு ஹாரன் மட்டும்...

உங்கள் வேன் சத்தம் கேட்டால் பாயின் ஸ்பேனர் இன்னமும் பாதி தூரம் மேலே போய்விட்டுத்தான் இறங்குகிறது.